மனநலம் பாதிக்கப்பட்டவர் காவலர் பொறுப்பில் இறந்தால்: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கான கேள்வி பதில்கள்

மனநோயின் கடுமையான கட்டத்தில் இருந்த ஒருவர், காவலர்கள் தலையிட்டபோதோ அதன் பிறகோ உயிரிழந்தால், யார் எந்தச் சட்டத்தின்படி பதில் சொல்லியாக வேண்டும் என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது. சேலம் மாநகரிலும், வாழப்பாடி, ஓமலூர், ஆத்தூர் பகுதிகளிலும், சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இப்படி ஒரு இழப்பைச் சந்திக்கும் குடும்பத்துக்கு எழக்கூடிய கேள்விகளை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. "அவருக்குத்தான் புத்தி சரியில்லையே" என்ற ஒரே வாக்கியத்தோடு இத்தகைய மரணங்களை ஊரும் உறவும் முடித்துவைத்துவிடுவது உண்டு. நோயுற்றவரைக் கையாளும் காவலருக்குச் சட்டம் கூடுதலான கடமைகளை விதித்திருக்கிறது என்பதை அந்தக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மனநோயால் தவிக்கும் ஒருவரை அழைத்துச் செல்லக் காவலருக்கு அதிகாரம் உண்டா? அது கைது ஆகுமா?

அதிகாரம் உண்டு, அது கைது ஆகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் சுற்றித் திரியும் மனநோயாளியையும், நோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரையும் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமையாகவே வைத்திருக்கிறது. எதற்காகப் பாதுகாப்பில் எடுக்கிறோம் என்பதை அவருக்கோ, அவருடைய நியமனப் பிரதிநிதிக்கோ (சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் செயல்படுபவர்) சொல்ல வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் அவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைத்துவைக்கக் கூடாது.

24 மணி நேரம் என்பது கடைசி எல்லை. ஏற்காட்டில் மாலையில் பாதுகாப்பில் எடுக்கப்பட்டவரை, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இரவில் கீழே கொண்டு செல்வது சிரமம் என்று காரணம் காட்டப்படலாம். அங்கேயே அரசு மருத்துவமனை இருக்கும்போது முதல் பரிசோதனைக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில், அதே சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சையைத் தொடங்கலாம். மனநல மருத்துவர் இல்லை என்பதால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

"நாங்கள் கைது செய்யவே இல்லை; ஆகவே இது காவல் மரணம் அல்ல" என்கிறார்கள். அது சரியா?

சரியல்ல. கைது என்பதும் காவல் என்பதும் ஒன்றல்ல. ஒருவரின் உடல் காவலரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, அவர் தன் விருப்பப்படி எழுந்து போக முடியுமா என்பதே கேள்வி. நிரஞ்சன் சிங் வழக்கில் 1980இலேயே உச்ச நீதிமன்றம் காவல் என்பதை உடல் மீதான கட்டுப்பாட்டைக் கொண்டு விளக்கியது. ஜீப்பின் பின் இருக்கையும், நிலையத்தின் வரவேற்பறை பெஞ்சும், மருத்துவமனை வராந்தாவில் இரு காவலருக்கு நடுவில் அமர்ந்திருக்கும் நிலையும் இந்த அளவுகோலுக்குள் வரும்.

காவல்துறையின் கட்டுப்பாட்டில் ஒருவர் இறந்தால், காவல்துறை தானே நடத்தும் விசாரணையோடு சேர்த்து, அந்த எல்லைக்குரிய நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவர் தனி விசாரணை நடத்தியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 176 (1ஏ) என்ற பிரிவாக இருந்தது. வெறும் சந்தேக மரணமாக 194ஆம் பிரிவில் பதிவு செய்துவிட்டு, நடுவருக்குத் தகவல் போகாமலேயே கோப்பு மூடப்படும் ஆபத்து உண்டு. எனவே முதல் தகவல் அறிக்கை எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காவல் மரணம் பற்றி 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் 1993 முதல் இருந்துவருகிறது.

எந்தக் குற்றப் பிரிவுகளில் வழக்குத் தொடரலாம்?

நடந்தது என்ன என்பதைப் பொறுத்தது. அடித்ததால் மரணம் நேர்ந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 (கொலை) அல்லது 105 (கொலையாகாத மரணம் விளைவித்தல்). கவனக்குறைவால் நேர்ந்திருந்தால் 106, அதற்கு ஐந்தாண்டு வரை சிறை. சட்டவிரோதமாக அடைத்துவைத்திருந்தால் 127. தடயங்களை மறைத்திருந்தால் 238. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த நிகழ்வுகளுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மீறியதற்காகவும் தனியே தண்டனை உண்டு: 108ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓர் உயிர் போன வழக்கில் இது சிறிய தண்டனைதான். ஆனால் லாக்கப்பில் வைத்தார்கள், மருத்துவரிடம் காட்டவில்லை என்பதை இதன் கீழ் நிரூபிப்பது, பெரிய குற்றச்சாட்டில் கவனக்குறைவை நிரூபிக்கும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பது என் கருத்து.

அரசு ஊழியர் கடமையின்போது செய்த செயலுக்கு வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவை என்ற தடை எப்போதும் எழுப்பப்படும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவு, அனுமதி கேட்ட நாளிலிருந்து 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது. பல ஆண்டுகள் கோப்பு உறங்கிக் கிடந்த காலத்தை நினைத்தால், இது குடும்பங்களுக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம்.

நம் மாவட்டத்திலேயே, 2021 ஜூனில், வாழப்பாடி பகுதியில் உள்ள ஒரு சோதனைச் சாவடியில் காவலரின் தடியால் தாக்கப்பட்ட வியாபாரி மறுநாள் உயிரிழந்தார். தாக்கிய சிறப்பு உதவி ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். அது மனநோய் தொடர்பான நிகழ்வு அல்ல. ஆயினும் காணொளி கைவசம் இருந்தால் நடவடிக்கை எவ்வளவு விரைவாக வருகிறது என்பதற்கு அது சான்று.

கட்டிப்போட்டு, குப்புறப் படுக்கவைத்து, முதுகில் அமர்ந்தார்கள். காயமே இல்லை, அப்படியும் பொறுப்பு வருமா?

வரும். இந்த வகை மரணத்தைக் குடும்பங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடும் மனப் பதற்றத்தில் இருப்பவர் நெடுநேரம் திமிறியிருப்பார். இதயம் வேகமாகத் துடிக்கும், உடலில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அதைச் சரிசெய்ய அவர் வழக்கத்தைவிட ஆழமாக மூச்சு விட்டாக வேண்டும். அந்த நிலையில் கைகளைப் பின்னால் கட்டி, வயிறும் மார்பும் தரையில் அழுந்தும்படி கிடத்தி, மேலே ஒருவர் முழங்காலையோ உடல் எடையையோ வைத்தால், மார்புக்கூடு விரிய இடம் இருக்காது. மூச்சுக்காக அவர் திமிறுவதை எதிர்ப்பு என்று எண்ணி மேலும் அழுத்துவார்கள். சில நிமிடங்களில் "அடங்கிவிட்டார்" என்று தோன்றும். பிரேதப் பரிசோதனையில் எலும்பு முறிவோ ஆழமான காயமோ இருக்காது. மணிக்கட்டில் கயிற்றுத் தடமும், கண் இமையின் உட்புறம் சிறு இரத்தப் புள்ளிகளும் மட்டும் இருக்கலாம், சில சமயம் அவையும் இருக்காது.

இதனால்தான், எந்த நிலையில் கிடத்தினார்கள், எவ்வளவு நேரம், யார் எங்கே கை வைத்திருந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொல்லும் சாட்சியம் மருத்துவ அறிக்கைக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது. அண்டை வீட்டார் செல்பேசியில் எடுத்த அரை நிமிடக் காட்சி இருந்தாலும் அதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இத்தகைய மரணங்களுக்கு "கிளர்ச்சி நிலைச் சித்தப்பிரமை" என்ற பெயரில், நோயே காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அந்தக் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 2009ஆம் ஆண்டு ஆவணத்தை, அதை வெளியிட்ட அவசர மருத்துவர்கள் கல்லூரியே 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிரிட்டனில், 2010இல் மனநல மருத்துவமனை ஒன்றில் காவலர்கள் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்ததில் ஓர் இளைஞர் இறந்ததைத் தொடர்ந்து, மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டமே 2018இல் வந்தது. நம் நாட்டிலோ சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது; 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும், அந்தத் தடை சட்டமாக எழுதப்படப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

"குடிபோதையில் இருந்தார், தெளியட்டும் என்று விட்டுவிட்டோம்" என்கிறார்கள்.

இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். உளறல், தள்ளாட்டம், வெறித்த பார்வை, இல்லாததைக் காண்பது ஆகியவை போதையில் மட்டும் வருவதல்ல. சர்க்கரை அளவு திடீரெனக் குறைந்தவர், தலையில் அடிபட்டவர், வலிப்பு வந்து ஓய்ந்தவர் எல்லோரும் அப்படித்தான் தெரிவார்கள். இவற்றைவிட அதிகம் கவனிக்க வேண்டியது, தினமும் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தியபின் இரண்டு முதல் நான்கு நாட்களில் வரும் கடும் பிதற்றல் நிலை. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லி உடலைத் தட்டுவார், யாரோ கொல்ல வருவதாக ஓடுவார். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும்; சிகிச்சை இருந்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். சிறு வழக்கில் பிடிக்கப்பட்டு, குடி கிடைக்காமல் நிலையத்திலோ கிளைச் சிறையிலோ இரண்டாம் நாள் பிதற்றத் தொடங்குபவரைக் "கூத்து காட்டுகிறான்" என்று சொல்லி ஒதுக்கினால், அது சட்டத்தின் கண்ணில் கவனக்குறைவு. காவலில் உள்ளவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நியாயமான முறையில் கவனிப்பது அவரை வைத்திருப்பவரின் கடமை என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 56ஆம் பிரிவு கூறுகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் காவலரின் பலப்பிரயோகத்துக்கு அளவுகோல் வகுத்த 1989ஆம் ஆண்டின் கிரஹாம் வழக்கே, சர்க்கரை குறைந்து தவித்த ஒருவரைக் குடிகாரர் என்று எண்ணிக் காவலர்கள் முரட்டுத்தனமாகப் பிடித்ததில் தொடங்கியதுதான். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் அது. ஏற்காடு மருத்துவமனையிலும் அந்தக் கருவி இருக்கும். 108 வண்டியிலும் இருக்கும்.

இறப்புக்குக் காரணம் மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். வழக்கு முடிந்ததா?

முடியவில்லை. எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது ஏன் நின்றது என்பதே விசாரணை. நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவில் ஒரு விளக்கம் உண்டு: ஏற்கெனவே நோயோ உடல் பலவீனமோ உள்ள ஒருவருக்குக் காயம் விளைவித்து, அதனால் அவருடைய மரணத்தை விரைவுபடுத்துபவர், அந்த மரணத்தை விளைவித்தவராகவே கருதப்படுவார். பழைய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவிலும் இதே விளக்கம் இருந்தது. ஆகவே "அவருக்கு முன்பே இதயநோய் இருந்தது", "மனநோய் மாத்திரை சாப்பிட்டுவந்தார்" என்பவை தம்மளவில் விடுதலைக்குக் காரணமாகா.

காவலில் நடந்ததற்கு வெளிச் சாட்சி கிடைப்பது அரிது என்பதை நீதிமன்றங்கள் அறிந்தே இருக்கின்றன. நேரடிச் சாட்சியம் இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு காவலர்களை விடுவிப்பது நடைமுறை உண்மையைக் காண மறுப்பதாகும் என்ற கருத்தை, சியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. அவர் உயிரோடு உள்ளே போனார், உயிரின்றி வெளியே வந்தார். இடையில் நடந்ததை விளக்க வேண்டியவர்கள் அவரை வைத்திருந்தவர்கள்.

முதல் இரண்டு நாட்களில் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் உடல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறைக்கே வரும். அங்கே பதற்றத்தில் நிற்கும்போது, யாரோ நீட்டும் தாளில் கையெழுத்திடச் சொல்வார்கள். படித்துப் பார்க்காமல், வெற்றிடம் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். "எங்களுக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காவல் மரணங்களில் பின்பற்ற வேண்டிய முறைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில் சந்தோஷ் வழக்கில் வகுத்துக் கொடுத்தது. நெருங்கிய உறவினர் ஒருவராவது உடலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பார்த்த பிறகே பரிசோதனை நடக்க வேண்டும். தடயவியல் மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்ற இரு மருத்துவர்கள் செய்ய வேண்டும். முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். உயர் நீதிமன்றத்தை அணுகப்போவதாகக் குடும்பம் எழுத்து மூலம் தெரிவித்தால் உடலை 48 மணி நேரம் பாதுகாத்து வைக்க வேண்டும். உடலைப் பார்க்கும்போது முதுகு, மணிக்கட்டு, கணுக்கால், உள்ளங்கால், காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள்.

அவர் உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தால், விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாள், மிக முக்கியமானது. அழைத்து வந்தவரின் பெயரும் காவலர் எண்ணும், வந்து சேர்ந்த நேரம், அப்போது நினைவு இருந்ததா, காயங்கள் எத்தனை சென்டிமீட்டர், "எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது" என்ற வரி எல்லாம் அதில் மருத்துவரின் கையெழுத்தில் இருக்கும். காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் அவரை அழைத்து வந்த நேரம் மாலை 6 என்றும், ஏ.ஆர். காப்பியில் மருத்துவமனை வந்த நேரம் மறுநாள் காலை 5 என்றும் இருந்தால், இடைப்பட்ட 11 மணி நேரம் எங்கே என்ற கேள்வியிலேயே வழக்கு நிற்கும். வந்த நேரமும் அனுப்பிய நேரமும் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் நகலில் உற்றுப் பாருங்கள்.

காவல் நிலையக் கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தவும், பதிவுகளை 18 மாதங்கள் சேமித்து வைக்கவும் ஆணையிட்டது. ஏற்காடு போன்ற மாவட்டப் பகுதிக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகர எல்லைக்கு மாநகரக் காவல் ஆணையருக்கும், இரு இடங்களுக்கும் பொதுவாக விசாரணை நடுவருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.

நிலையத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்கிறார்கள். அப்படியென்றால் யாருக்கும் பொறுப்பில்லையா?

பொறுப்பு உண்டு. தனக்கு ஆபத்து விளைவித்துக்கொள்ளக்கூடும் என்பதற்காகவே ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்தவர்கள், அவர் தனக்கு ஆபத்து விளைவித்துக்கொண்டார் என்பதையே தம் விடுதலைக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாகவே சட்டம் கொள்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை. சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலைமை பற்றிய வழக்கில் 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், தற்கொலை உள்ளிட்ட இயற்கைக்கு மாறான சிறை மரணங்களில் உறவினருக்கு இழப்பீடு வழங்குவது பற்றித் தாமாக முன்வந்து வழக்குப் பதிய உயர் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. மேலும், அது தற்கொலைதானா என்பதையே நடுவர் விசாரணை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

அவர் கையில் அரிவாள் இருந்தது, காவலரைத் தாக்கினார். அப்போதும் காவலர் மீது குற்றம் சொல்லலாமா?

காவலருக்கும் உயிர் உண்டு, குடும்பம் உண்டு. மனநோயாளி செய்யும் செயல் நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்றாலும், அந்தத் தாக்குதலுக்கு எதிராகத் தற்காத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு என்று அதே சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அடுத்த பிரிவே அதற்கு எல்லை கட்டுகிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. அரிவாள் கீழே விழுந்த பிறகு விழுந்த அடிகளும், கட்டிய பிறகு விழுந்த உதைகளும் தற்காப்பு ஆகா. எட்ட நின்று பேசிக் காலம் கடத்த வழி இருந்ததா, கூட்டத்தை விலக்கினார்களா, அவர் நம்பும் உறவினர் யாரையாவது வரவழைத்தார்களா என்பவற்றையும் நீதிமன்றம் பார்க்கும்.

நள்ளிரவில் அழைப்பு வந்து போகும் இரு காவலருக்கு இதில் பயிற்சியே தரப்படாதிருந்தால், பழி அவர்கள் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. காவலர்களுக்குக் காலமுறையில் மனநல விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டியது அரசின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு கூறுகிறது. இழப்பீட்டு மனுவில் அந்தப் பயிற்சி எப்போது, யாருக்கு அளிக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிலை இணைப்பது, பொறுப்பை மேலே உள்ளவர்கள் வரை கொண்டு செல்லும்.

இழப்பீடு எப்படிக் கிடைக்கும்? குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

காத்திருக்க வேண்டியதில்லை. விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த ருதுல் சா என்பவருக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. அவர் மனநிலை சரியில்லாமல் இருந்தார் என்பதே அரசு அன்று சொன்ன சமாதானம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறகு 1993இல், காவலில் மகனை இழந்த நீலாபதி பெஹரா என்ற தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்கியதோடு, அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக இறையாண்மைப் பாதுகாப்பு (அரசின் மீது இழப்பீடு கேட்க முடியாது) என்ற வாதம் எடுபடாது என்றும் தீர்ப்பளித்தது. அந்த வழியில்தான், உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்யும் ரிட் மனுக்கள் இன்றும் செல்கின்றன. சேலம் மாவட்டத்தவர் சென்னையில் உள்ள முதன்மை அமர்விலேயே மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மதுரைக் கிளையில் அல்ல.

சிவில் வழக்கு நீளமானது. அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். மரண விபத்துகள் சட்டத்தின்படி தொடர்வதானால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமின்றிப் புகார் அனுப்பலாம்; நிகழ்வு நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்த பிறகு, அந்த வழிக்கு முன்பு இல்லாத வலு வந்திருக்கிறது.

இறந்தவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். வேறு சட்டம் பொருந்துமா?

சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். எனவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தலாம். அதன் கீழ் வரும் வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. மரணத்துக்கான நிவாரணமாக மத்திய விதிகள் 8,25,000 ரூபாயை நிர்ணயித்து, அதில் பாதியைப் பிரேதப் பரிசோதனை முடிந்ததுமே தரச் சொல்கின்றன. சாதிச் சான்றிதழ் கைவசம் இல்லாததால் இந்தப் பிரிவுகள் சேர்க்கப்படாமல் போகக்கூடும் என்பதால், அதை முதலிலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், மனநலம் குன்றிய பழங்குடி இளைஞர் ஒருவரைத் திருடன் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்துக் காவலரிடம் ஒப்படைத்தது. மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் காவல் வாகனத்திலேயே அவர் இறந்தார். 2023இல் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தண்டிக்கப்பட்டவர்கள் கும்பலைச் சேர்ந்தவர்கள். அடித்தவர்கள் பொதுமக்களாக இருந்தாலும், கையில் கிடைத்தவரின் உடல்நிலையைப் பார்த்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் கடமை காவலருடையது என்பதால், இத்தகைய வழக்கில் இரு தரப்பையும் தனித்தனியே விசாரிக்கக் கோர வேண்டும்.

அழைத்தும் காவலர் வரவே இல்லை. "குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டார்கள்.

வராததும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவுக் கடமையின் மீறலே. ஆனால் செய்த செயலைவிடச் செய்யாத செயலுக்குப் பொறுப்பாக்குவது கடினம். அழைப்பு வந்தது, ஆபத்து சொல்லப்பட்டது, வந்திருந்தால் மரணம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். ஆகவே நிலையத்தின் தொலைபேசிக்கு மட்டும் அழைக்காமல் 100 அல்லது 112 எண்ணில் அழையுங்கள். அங்கே பதிவு இருக்கும். "சண்டை போடுகிறார்" என்று சொல்லாமல், "மனநல சிகிச்சையில் இருக்கிறார், மாத்திரை நிறுத்தி இத்தனை நாள் ஆகிறது, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல உதவி வேண்டும்" என்று சொல்லுங்கள். அதோடு 108க்கும் அழையுங்கள். ஆபத்து முற்றாத நிலையில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

புகார் கொடுத்தால் அதே நிலையத்தாரோடுதானே இனியும் வாழ வேண்டும் என்று அஞ்சுகிறோம்.

அந்த அச்சம் நியாயமானது. அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்ல வேண்டாம். அதே நிலையத்துக்குப் போய்த்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 (4) பிரிவின்படி கண்காணிப்பாளருக்கு அனுப்பி, பிறகு நேரே நடுவரிடம் போகலாம். சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். இறந்தவரின் தாயோ மனைவியோ மனுதாரராக இருந்தால் இது உடனே பொருந்தும். மிரட்டல் வந்தால், 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். மிரட்டிய நாள், நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றன்றைக்கே எழுதி வைத்து, அந்த விண்ணப்பத்தோடு இணையுங்கள்.